ஹிஜ்ரத் பயணம்: யாரைத் துணையாகத் தேர்ந்தெடுப்பது?



ஹிஜ்ரத்துக்கு நபி (ஸல்) அவர்கள் யார் யாரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். உடன்செல்ல அபூபக்ர் (ரலி). மக்காவின் செய்தியை இரவில் ஸவ்ர் குகைக்குக் கொண்டுவர, அவருடைய மகன் அப்துல்லாஹ் (ரலி). கூரிய அறிவுள்ள இளைஞர். ஆட்டுப்பாலுக்கு ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி).

வழிகாட்டியோ அப்துல்லாஹ் பின் உரைகித். அவர் அப்போது முஸ்லிம் அல்லர்! ஆனால் பாதை அறிந்தவர், நம்பத்தக்கவர். பிடித்துக் கொடுப்பவருக்கு 100 ஒட்டகங்கள் என்று குறைஷிகள் அறிவித்திருந்தும், மூன்று இரவுகள் கழித்து, தம்மிடம் ஒப்படைத்த ஒட்டகங்களோடு சொன்னபடி வந்து நின்றார்.

நாமோ தொழிலுக்குக் கூட்டாளி தேடும்போது, ‘நம்ம சொந்தமா, நம்ம ஊரா’ என்று மட்டும் பார்த்துவிட்டுப் பிறகு அழுகிறோம். அமானிதம் பேணுபவரா, வேலை தெரிந்தவரா என்று பாருங்கள். நாமும் பிறருக்கு அப்படிப்பட்டவர்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல துணைகளை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.