அடுத்த வீட்டு அசடு

அயல்நாட்டு நகைச்சுவையை ரசிப்பதில் ஒரு தனிச் சௌகரியம் உண்டு. அங்கே அடிக்கிறவனும் நம்மவன் அல்ல. அடிபடுகிறவனும் நம்மவன் அல்ல. மூன்றாம் மனிதராக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு எழுந்து போகலாம். இந்தச் சௌகரியம் நியாயமானதுதானா?

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'ஃபால்டி டவர்ஸ்' என்றொரு தொடர் வந்தது. 1975-இல் 6, 1979-இல் 6, ஆக 12 பகுதிகள்தாம். டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறு ஹோட்டல். முதலாளி பேசில், பெரிய மனிதரைக் கண்டால் குழைவான். சாதாரண விருந்தாளியிடம் சீறுவான். மனைவியைக் கண்டால் நடுங்குவான். அவனுடைய சிப்பந்தி மனுவேல், பார்சிலோனாவிலிருந்து பிழைக்க வந்தவன். பாவம், ஆங்கிலம் புரியாது. ஒன்றைச் சொன்னால் வேறொன்றைச் செய்வான்; மண்டையில் அடி வாங்குவான்.

பல நாட்டாரும் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்பெயினில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்பானிய மொழியில் குரல் கொடுத்துக் காட்டியபோது மனுவேலை இத்தாலிக்காரனாக்கிவிட்டார்கள். பார்சிலோனாவின் சொந்த மொழியான கத்தலானில் அவன் மெக்சிகோக்காரனானான்! சிரிப்பு வேண்டும், ஆனால் அசடு அடுத்த வீட்டில் இருக்கட்டும்.

அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் உண்டா? லண்டனில் இரவு வகுப்பில் ஆங்கிலம் படிக்கும் வெளிநாட்டாரைப் பற்றிய 'மைண்ட் யுவர் லேங்வேஜ்' 1977-இல் தொடங்கியது. நம்மவர் பலரும் விரும்பிப் பார்த்த தொடர். அதில் நாமே அசடு. 'இல்லை, அந்தத் தலைப்பாகைக்காரரைப் பார்த்தல்லவா சிரித்தோம்' என்று தமிழர் சமாதானம் சொல்லலாம். ஸ்பெயின்காரர் செய்ததும் இதைத்தானே?

அப்படியானால் சிரிப்பதே பாவமா? அப்படிச் சொல்ல மாட்டேன். இரு தொடர்களுக்கும் வேற்றுமை உண்டு. பேசில் தனக்கு ஸ்பானிய மொழி தெரியும் என்று பெருமை பேசுகிறவன். மனுவேலிடம் அது ஒரு வார்த்தைகூடப் பலிப்பதில்லை. மலிவாகக் கிடைத்தான் என்று ஆளை வைத்துக்கொண்டு, மொழி தெரியவில்லை என்று அடிக்கிறான். அங்கே உண்மையான அசடு முதலாளிதான். ஆங்கிலேயர் தங்களையே சந்தியில் நிறுத்திச் சிரித்தார்கள். மற்றதிலோ, கற்க வந்தவனின் நாக்குத் தடுமாறுவதே பெரும்பாலும் வேடிக்கை.

மனுவேலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் 1930-இல் பெர்லினில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, 1938-இல் சிறுவனாக இங்கிலாந்து சேர்ந்தவர். புரியாத பேச்சுக்கு நடுவே திகைத்து நிற்பது அவருக்கு வெறும் நடிப்பாக இருந்திருக்குமா?

ஆகவே, தாராளமாகச் சிரிப்போம். சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்வோம்: அந்தச் சிப்பந்தி நம் ஊரிலிருந்து பிழைக்கப் போன பிள்ளையாக இருந்தால், அப்போதும் இப்படிச் சிரிப்போமா? சிரிப்போம் என்று மனம் சொன்னால் அது நல்ல சிரிப்பு. தயங்கினால், இதுவரை சிரித்தது யாருடைய பிள்ளையைப் பார்த்து என்று யோசிக்க வேண்டியதுதான்.