கால்கள் வரை மட்டும் நிஜம்

‘செஷன்’ என்ற ஸ்கேட்போர்டு வீடியோ கேமுக்கு வந்த விமர்சனங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் தலை சுற்றும். ஒருவர் எதைக் குறை என்று எழுதுகிறாரோ, அதையே அடுத்தவர் இந்த கேமின் உயிர் என்று எழுதுகிறார். சாதாரணக் குதிப்பு ஒன்றுக்கே விரல்கள் படாத பாடு படுகின்றன என்கிறது ஒரு தரப்பு. அந்தப் பாடுதான் ஸ்கேட்போர்டிங் என்கிறது மறுதரப்பு. கேம் நல்லதா, மோசமா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். இதில் நிஜம் என்று எதைச் சொல்கிறார்கள், அந்த நிஜம் எதுவரை போகிறது என்று பார்த்தால் இந்தச் சண்டையின் முடிச்சு அவிழும்.

முதலில் இதற்கு முன்னால் இருந்தது என்ன என்று சொல்ல வேண்டும். 1999-இல் பிளேஸ்டேஷனில் வந்த ‘டோனி ஹாக்’ஸ் ப்ரோ ஸ்கேட்டர்’ தான் பல வருடங்களுக்கு இந்த வகையின் இலக்கணம். இரண்டு நிமிடக் கெடு. அதற்குள் எவ்வளவு புள்ளி குவிக்க முடியுமோ குவிக்க வேண்டும். ஒரு பட்டனைத் தட்டினால் குதிப்பு, இன்னொன்றைத் தட்டினால் காற்றில் பலகை சுழலும். கட்டட உச்சியிலிருந்து குதித்தாலும் வீரர் சக்கரத்தில் இறங்கி அடுத்த வித்தைக்குப் போய்விடுவார். அது ஒரு கொண்டாட்டம். அதை நிஜமில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

2007-இல் கனடாவின் வான்கூவரில் இருந்த இ.ஏ. பிளாக் பாக்ஸ் நிறுவனம் ‘ஸ்கேட்’ என்ற கேமைக் கொண்டுவந்தது. பட்டனை விட்டுவிட்டு, வித்தைகளை, கண்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் வலது ஸ்டிக்குக்கு மாற்றினார்கள். ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் வீரர் குனிவார், சட்டென்று மேலே தள்ளினால் எழும்புவார். கொஞ்சம் சாய்த்துத் தள்ளினால் பலகை புரளும். கேமராவும் பலகைக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி வந்துவிட்டது. நான்கு படி தாண்டுவதே பெரிய காரியமாகத் தோன்ற ஆரம்பித்தது அங்கேதான்.

மாண்ட்ரியலின் கிரியேச்சர் ஸ்டுடியோஸ் செய்த ‘செஷன்’ அதற்கும் ஒரு படி மேலே போனது. 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 2019-இல் அரைகுறை நிலையிலேயே விற்பனைக்கு வந்து, 2022 செப்டம்பரில் முழு வடிவம் பெற்றது. அதன் அடிப்படை விதி ஒன்றே ஒன்றுதான்: இடது ஸ்டிக் இடது கால், வலது ஸ்டிக் வலது கால். இடதுகாலை முன்னே வைத்து நிற்பவராக வைத்துக்கொள்வோம். வலது கட்டைவிரலைக் கீழே இழுத்தால் பின்கால் பலகையின் வாலை அழுத்தத் தயாராகும். அடுத்து இடது கட்டைவிரலை மேலே தள்ள வேண்டும். வால் தரையில் அடிபட, முன்கால் பலகையை மேலே இழுத்துக்கொண்டு போகும். இதுதான் ‘ஆலி’. பலகையைக் கையால் தொடாமல் அதோடு சேர்ந்து எழும்பும் குதிப்பு. இடது விரலை மேலே தள்ளுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் சுண்டினால் பலகை புரண்டு ‘கிக்ஃபிளிப்’ ஆகும், எதிர்ப்பக்கம் சுண்டினால் ‘ஹீல்ஃபிளிப்’. இரண்டு விரலும் ஸ்டிக்கில் மாட்டிக்கொண்டதால் திரும்புவதற்கு வேறு வழியில்லை. அந்த வேலை மேலே உள்ள ட்ரிகர் பட்டன்களுக்குப் போய்விட்டது. கார் ஓட்டும் கேம் ஆடிப் பழகியவர்கள் ட்ரிகரை அமுக்கினால் வேகம் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். இங்கே அமுக்கினால் வீரர் வளைந்து சுவரில் மோதுவார்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த இடம் ‘சுவிட்ச்’. வழக்கத்துக்கு மாறான காலை முன்னே வைத்து ஓட்டுவதற்கு ஸ்கேட்டர்கள் வைத்திருக்கும் பெயர் அது. நிஜத்தில் அப்படி ஓட்டினால் தெரிந்த வித்தையெல்லாம் மறந்துபோன மாதிரி உடம்பு தடுமாறும். முந்தைய கேம்களில் சுவிட்ச் என்பது திரையில் கூடுதல் புள்ளியாக வந்து நிற்கும், விரலுக்கு வேலை அதேதான். ‘செஷனில்’ ஸ்டிக் காலோடு ஒட்டியிருப்பதால், இதுவரை வாலை அழுத்திய விரல் இனி சுண்ட வேண்டும், சுண்டிய விரல் அழுத்த வேண்டும். காலில் இருந்த தடுமாற்றம் அப்படியே விரலுக்கு வந்துவிடுகிறது. ஒரு உடல் அனுபவத்தை இவ்வளவு நேராகக் கைக்கு மாற்றிய கேம்கள் மிகக் குறைவு.

ஆகவே, கஷ்டமாக இருக்கிறது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் அதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொன்றை ஏற்கிறேன். இந்த கேம் கஷ்டத்தைக் கொடுக்கிறது, கற்றுக்கொடுப்பதில் அந்த அக்கறை இல்லை. விழுந்தால் ஏன் விழுந்தோம் என்று தெரிவதில்லை. விரல் முந்திவிட்டதா, பிந்திவிட்டதா, வேகம் போதவில்லையா? நிஜப் பலகையில் விழுபவனுக்கு உள்ளங்காலும் முழங்காலும் அதைச் சொல்லிவிடும். கண்ட்ரோலர் பிடித்தவனுக்கு அந்தத் தகவல் வருவதே இல்லை. உடம்பு சொல்வதை வேறு ஏதாவது வழியில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, இதுதான் நிஜம் என்று நிற்பது சரியான வாதமல்ல.

புள்ளிகளே கிடையாது என்பது அடுத்த சர்ச்சை. படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி மேல் பலகையைச் சறுக்கி, சுத்தமாக இறங்கினாலும் திரையில் ஒரு எண்ணும் வராது. இது துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. தெருவில் ஸ்கேட் செய்பவருக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. நண்பர் பார்த்தாரா, கேமராவில் பதிந்ததா, அவ்வளவுதான். ஆனால் முழு வடிவம் வந்தபோது இன்ன இடத்தில் இன்ன வித்தையைச் செய் என்று பணிகளைச் சேர்த்தார்கள். சரியாகச் செய்தும் கேம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பலர் எரிச்சலோடு எழுதினார்கள். அந்த எரிச்சல் நியாயமானது. மதிப்பெண் வேண்டாம் என்று முடிவெடுத்த இடத்தில் ஒரு பரிசோதகரை உட்காரவைத்து, அவரும் கண்ணை மூடிக்கொண்டால் எப்படி?

எல்லாவற்றையும்விடக் கனமான விமர்சனம் வெறுமை. இது ‘செஷனுக்கு’ மட்டும் வந்ததல்ல. 2020 ஜூலையில் ‘ஈஸி டே ஸ்டுடியோஸ்’ வெளியிட்ட ‘ஸ்கேட்டர் எக்ஸ்எல்’ கேமும் இதே போல ஒரு ஸ்டிக்குக்கு ஒரு கால் என்ற முறைதான். பலகை அதில் அவ்வளவு இயல்பாக நகர்ந்தது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் வீதிகளில் ஓர் ஆள்கூட இல்லை. செய்வதற்கும் அதிகமாக ஒன்றும் இல்லை. ஆர்வலர்கள் தாங்களே இடங்களையும் பலகைகளையும் உருவாக்கிச் சேர்த்துத்தான் அதற்கு ஆயுள் கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரிலேயே டோனி ஹாக்கின் பழைய இரண்டு கேம்களும் புதுப்பொலிவோடு வந்துவிட்டதால், ஒப்பிட்டவர்களுக்கு இந்த வெறுமை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

பல விமர்சகர்கள் இந்த வெறுமையை, கொடுத்த காசுக்குச் சரக்கு குறைவு என்ற கணக்கில் வைக்கிறார்கள். ரசிகர்கள், பலகை போதும், மற்றதெல்லாம் அலங்காரம் என்று பதில் சொல்கிறார்கள். இரண்டு தரப்புமே இடத்தைத் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆளில்லாத தெரு என்பது சரக்குக் குறைவல்ல. நிஜத்தில் விழுந்த ஓட்டை.

தெரு ஸ்கேட்டிங்கின் வரலாறு முழுக்க மற்றவர்களுடனான உரசல்தான். ‘செஷன்’ காட்டும் நகரங்களில் ஒன்றான பிலடெல்பியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே லவ் பார்க் என்ற சதுக்கத்தில் இருந்த கிரானைட் திண்ணைகளும் படிகளும் உலகெங்கும் ஸ்கேட்டர்களுக்குத் தெரிந்தவை. நகராட்சி அங்கே ஸ்கேட்டிங்கைத் தடை செய்தது. அந்த இடத்தின் கருத்துக்கு வித்திட்ட நகரத் திட்ட வல்லுநர் எட்மண்ட் பேக்கன், 2002-இல் தமது 92-ஆம் வயதில், இரு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்கேட்போர்டில் ஏறி நின்று அந்தத் தடையை எதிர்த்தார். அந்தத் திண்ணைகளுக்கு அர்த்தம் கொடுத்தது காவலர்களும் பாதசாரிகளும் வெளியேற்றப்பட்ட பையன்களும்தான். கல்லை மட்டும் அச்சு அசலாகச் செதுக்கி, அதைச் சுற்றியிருந்த மனிதர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பயிற்சிக்கூடம்.

இதைச் செய்யவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. ‘ஸ்கேட்’ வரிசையில் செக்யூரிட்டி ஆட்கள் துரத்தி வந்து தள்ளிவிடுவார்கள். 2009-இல் வந்த இரண்டாவது கேமில், ஸ்கேட்டர்களைத் தடுக்கத் திண்ணை விளிம்புகளில் பொருத்தும் உலோகத் தடைகளும் இருந்தன. கால்களில் ‘செஷன்’ அளவு நுணுக்கம் இல்லாத அந்த கேம், தெருவை அதிகமாகப் புரிந்துவைத்திருந்தது.

நியாயமாகப் பார்த்தால், ‘செஷன்’ தெருவை நெருங்கும் இடம் ஒன்று உண்டு. அது அதன் ரீப்ளே எடிட்டர். பல முறை விழுந்து ஒரு முறை கிடைத்த வித்தையைப் பின்னோக்கி ஓட்டி, மீன்கண் லென்ஸைத் தரைக்கு இறக்கி, பழைய வீடியோ கேசட்டின் நிறம் ஏற்றி வெட்டலாம். விளிம்புகள் வளைந்து, பலகையின் சக்கரம் திரையை உரசிக்கொண்டு போகும். தொண்ணூறுகளின் ஸ்கேட் வீடியோக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் செய்த கேம் இது என்பது அங்கே கையெழுத்துப் போல் தெரிகிறது. ஆனாலும் எடுத்தவரும் விழுந்தவரும் ஒரே ஆள். நிஜத்தில் அந்தக் கேமராவுக்குப் பின்னால் இன்னொருவர் தானும் ஒரு பலகையில் பக்கத்திலேயே உருண்டு வந்திருப்பார்.

2025 செப்டம்பரில் ‘ஸ்கேட்’ திரும்பி வந்தது. இலவசம், எப்போதும் இணையத்தில், முன்பின் தெரியாதவர்கள் பலர் ஒரே ஊரில். ஆளில்லாத குறை தீர்ந்தது. உடனே வேறு குறைகள் எழுந்தன: ஊர் விளம்பரப் படம்போல் பளபளக்கிறது, சட்டையும் தொப்பியும் காசு கேட்கின்றன, இணையம் போனால் கேமும் போய்விடுகிறது. ‘செஷனின்’ கால்களையும் அந்தப் பழைய ‘ஸ்கேட்’ தெருவையும் ஒரே கேமில் வைத்துத் தரும் வேலையை இன்னும் யாரும் செய்து முடிக்கவில்லை. அடுத்து வரும் கேமை விமர்சகர்கள் இந்தக் கணக்கில் எடைபோட்டால், கஷ்டமா சுலபமா என்ற பழைய சண்டைக்குத் திரும்பப் போக வேண்டியிருக்காது.