இறந்தோர் நினைவும் பகை நினைவும்



சென்ற வைசாகப் பௌர்ணமியன்று நம் சங்கத்தில் அறவுரை முடிந்து அனைவரும் கலைந்து செல்லும் வேளையில், அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் எம்மிடம் வந்து ஒரு வினா எழுப்பினார். அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் அதனை ஈண்டு விரிவாக ஆராயப் புகுந்தோம்.

அம்மையாரின் பிறந்த ஊர் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அறுவடைக் கூலி நெல்லை அளக்கும்போது மரக்கால் குறைகிறது என்று சொன்னதற்காக, அவருடைய தமையனார் களத்துமேட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கண்டவர் பலர், சாட்சி சொன்னவர் எவருமிலர், வழக்கு நிற்கவில்லை. குடும்பம் பம்பாய்க்கு வந்து தாராவியில் குடியேறியது. வழக்கு முடிந்தபின் திரும்பக் கிடைத்த தமையனாரின் சட்டையைத் தாயார் துவைக்காமல் ஒரு தகரப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் அந்நாளில் விளக்கேற்றிப் பெட்டியைத் திறந்து, சட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கொன்றவன் பெயரையும் அவன் வீட்டுப் பெயரையும் அவர்கள் வாயால் சொல்லச் செய்வது வழக்கமாயிற்று. தாயாருக்குப் பின் அக்கடமை அம்மையாரை வந்தடைந்தது.

இவ்வாண்டு அவருடைய பேரன், தன்னுடன் பணிபுரியும் நண்பன் ஒருவனை உணவுக்கு அழைத்து வந்தான். ஊரையும் பாட்டன் பெயரையும் விசாரிக்க, அவன் அந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது. அடுக்களைக்குள் சென்ற அம்மையார் வெளியே வரவில்லை. “ஐயா, அவனுக்குச் சோறு போட்டால் என் அண்ணனை நான் மறந்தவள் ஆவேனா?” என்பதே அவர் வினா.

இவ்வினாவுக்கு உலகத்தார் இரண்டு விடைகளை எளிதில் கூறிவிடுவர். ‘பழையதைக் கிளறாதே, மறந்துவிடு’ என்பது ஒன்று. ‘இரத்தக் கடன் தீரும்வரை மறவாதே’ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பது எம் கருத்து. இறந்தவரை நினைப்பதும் கொன்றவரைப் பகைப்பதும் ஒன்றே என இரு சாராரும் கொள்கின்றனர்.

தீகாவு உறையிலிட்ட வாள்

விநய பிடகத்தின் மகாவக்கத்தில், கோசாம்பியில் பிணங்கி நின்ற பிக்குகளுக்குப் பகவன் புத்தர் கூறிய வரலாறு ஒன்றுண்டு. காசியரசன் பிரமதத்தன் கோசலத்தரசன் தீகீதியின் நாட்டைக் கவர்ந்தான். தீகீதியும் அவன் தேவியும் மாறுவேடம் பூண்டு காசியில் ஒரு குயவன் வீட்டில் ஒளிந்து வாழ்ந்தனர். அங்கே தீகாவு என்னும் மகன் பிறந்தான். நாவிதன் ஒருவன் காட்டிக்கொடுக்க, தாயும் தந்தையும் தெருத்தெருவாக இழுத்துச் செல்லப்பட்டு வெட்டுண்டு மாய்ந்தனர். கூட்டத்தில் நின்ற மகனைக் கண்ட தந்தை, நெடிதாகவும் நோக்கவேண்டா, குறிதாகவும் நோக்கவேண்டா, பகை பகையால் தணிவதில்லை என்னும் கருத்துப்பட மொழிந்து உயிர் நீத்தான்.

பின்னர்த் தீகாவு யானைக்கொட்டிலில் வேலைக்கு அமர்ந்து, இன்னிசையால் அரசன் உள்ளத்தைக் கவர்ந்து, அவனுக்கு அணுக்கத் தொண்டனானான். வேட்டைக்குச் சென்ற ஒருநாள் களைப்புற்ற அரசன் அவன் மடியிலே தலைவைத்து உறங்கினான். தீகாவு மும்முறை வாளை உருவினான். மும்முறையும் தந்தை சொல்லை நினைத்து உறையிலிட்டான்.

இவ்வரலாற்றை ‘மன்னிப்புக் கதை’ என்று கூறி நம்மவர் கடந்து விடுகின்றனர். யாம் மூன்று செய்திகளை ஊன்றி நோக்க வேண்டுகிறோம். முதலாவது, தீகாவு மறக்கவில்லை. வாளை உருவச் செய்ததும் நினைவே. உறையிலிடச் செய்ததும் நினைவே. முன்னது தந்தை எவ்வாறு இறந்தான் என்னும் நினைவு; பின்னது தந்தை எத்தகையவன் என்னும் நினைவு. இரண்டாவது, அவன் மௌனம் காக்கவில்லை. விழித்தெழுந்த அரசனிடம், தான் யாரென்பதையும் அரசன் தன் குடிக்கு இழைத்த கேட்டையும் முகத்துக்கு நேரே கூறினான். மூன்றாவது, பிரமதத்தன் உயிர்பெற்று மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. கவர்ந்த நாட்டைத் திருப்பியளித்தான். உண்மை பேசப்பட்டது, வாள் உறை புகுந்தது, பறித்த பொருள் மீண்டது. இம்மூன்றும் கூடியதே பகையின் முடிவு.

வினை என்னும் சொல்

இவ்விடத்தில் எம் பிழையொன்றையும் அறிவித்தல் கடமையாகும். ஆலைவேலையை விட்டு அறப்பணியை மேற்கொண்ட தொடக்க நாட்களில், மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த தாய் ஒருத்தியிடம், ‘எல்லாம் முன்வினைப் பயன், அம்மா’ என்று யாம் ஆறுதல் கூறினோம். அவ்வம்மை எம்மை ஏற இறங்கப் பார்த்து, “அப்படியானால் குற்றவாளி என் மகன்தானா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். பின்பு அவர் நம் சங்கத்தின் வாயிலை மிதிக்கவில்லை. அந்த வினா எம்மைத் தைத்துக்கொண்டேயிருந்தது.

மணிமேகலையிலும் இத்தகைய இடம் ஒன்றுண்டு. காஞ்சனனால் வெட்டுண்ட உதயகுமரனின் தாய் இராசமாதேவி, துயரத்தால் அறிவு திரிந்து, மணிமேகலையைச் சிறையிலிட்டுப் பல கொடுமைகள் புரிகின்றாள். ஒன்றும் பலியாமற்போகவே நடுங்கிய அவளை நோக்கி மணிமேகலை, நீ அழுதது உடலுக்கோ உயிருக்கோ என வினவி, ஓருயிர்மேல் கொண்ட அன்பை எல்லா உயிர்மேலும் பரப்புமாறு நெறிப்படுத்துகின்றாள். மகனின் முற்பிறப்பு வினையையும் எடுத்துரைக்கின்றாள். ஆயின், அவள் பழம்பிறப்பு உணர்ந்தவளாகக் காப்பியம் கூறும் பெண். தன்னைக் கொல்ல முயன்றவளுக்கே அவள் அச்சொல்லைக் கூறினாள். சென்ற திங்கள் நிகழ்ந்ததையே செவ்வனே அறியாத நாம், அடிபட்டவர் வீட்டு வாயிலில் நின்று அதனைக் கூறுதல் தகுமோ?

சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதர் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையால் வருவனவே என்பாரைப் பற்றி வினவ, அங்ஙனம் கூறுதல் மிகை என்று பகவர் மறுத்தார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவமாற்றம், ஒழுங்கற்ற நடை, பிறர் தாக்குதல், வினை என எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். பிறர் தாக்குதலுக்குத் தனியிடம் வைத்த அருளாளரின் பெயரால், தாக்குண்டவனைக் குற்றவாளியாக்குதல் பெரும்பிழையன்றோ? மரக்கால் குறைந்தது என்றவன் மெய்யே சொன்னான். அவனை வெட்டியது வினையன்று, வெட்டியவன் கை.

நீதியும் மன்னிப்பும்

‘பிரமதத்தன் நாட்டைத் திருப்பினான், எம் ஊரார் என்ன திருப்பினர்?’ என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. இதற்கு 1927ஆம் ஆண்டு மகாடு நகரில் நிகழ்ந்ததை நினைவூட்டுவோம். மார்ச்சு 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவ்தார் குளத்து நீரை அருந்தினர். அதன்பின் அவர்கள்மேல் தடியடி விழுந்தது. திருப்பித் தாக்கத் துடித்தவர்களைப் பாபாசாகேப் தடுத்தார், ஆயின் விட்டுவிடவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வெற்றி பெற்றது. கை ஓங்காமையும் உரிமையைக் கைவிடாமையும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் காந்தியார் சுட்டுக் கொல்லப்பட்டபின், கொன்றவனைத் தூக்கிலிடவேண்டா என்று அவர் மைந்தர் மணிலாலும் இராமதாசும் வேண்டினர். 1949 நவம்பரில் தண்டனை நிறைவேறிற்று. மைந்தர் வேண்டியது மேன்மையே. எனினும் அது அவர்கள் தாமே அளித்தது. மன்னிப்பை இழந்தவர் கொடுக்கலாம். எடுத்தவர் கேட்டு வாங்குதல் இயலாது. வலியோர் மெலியோரிடம் ‘மன்னித்துவிடு’ என வற்புறுத்துவது அறமன்று. அது இரண்டாம் அடி.

அவ்வீட்டுப் பிள்ளை

இனி அம்மையாரின் வினாவுக்கு வருவோம். களத்துமேட்டில் அரிவாள் ஓங்கப்பட்ட நாளில் அவ்விளைஞன் பிறக்கவேயில்லை. செய்தவனுக்கே செயல் உரியது என்பது பகவர் அறம். பாட்டன் செயலைப் பேரன் நெற்றியில் எழுதுவோமாயின், பிறப்பைக்கொண்டு ஒருவனை அளக்கிறோம். பிறப்பைக்கொண்டு அளப்பதற்குப் பெயர் யாது? சாதி! எந்தக் கோலால் அளந்து நம்மைத் தாழ்த்தினரோ, அந்தக் கோலையே நாம் பெட்டியில் பூட்டி வைத்துப் பிள்ளைகளுக்குச் சொத்தாகக் கொடுக்கலாமா?

சட்டையை எரித்துவிடச் சொல்ல எமக்கு உரிமையில்லை. நிகழ்ந்ததைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். கொலை கொலையென்றே சொல்லப்படவும் வேண்டும். ஆயின் கதையைச் சட்டையிலிருந்து தொடங்கவேண்டா என்றே வேண்டுவோம். கொன்றவன் வீட்டுப் பெயரை ஐம்பது ஆண்டுகளாக மனனம் செய்த பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தம் பாட்டன் என்ன பாட்டுப் பாடுவான், யாருக்காக வாய்திறந்தான் என்று தெரியும்?

இதனை எடுத்துக்கொண்டு யாம் மீண்டும் அம்மையார் வீட்டுக்குச் சென்றோம். நெடுநேரம் பேசாதிருந்த அவர், பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். சேரியில் யார் யாருக்கு எத்தனை மரக்கால் கூலி வரவேண்டும் என்று தமையனார் எழுதி வைத்த கணக்கு அது. இத்தனை ஆண்டுகளும் சட்டைக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. இனி முதலில் இதைக் காட்டுவேன் என்றார்.

அவ்விளைஞன் மறுபடியும் வந்தானாம். அம்மையார் அவனுக்கு இன்னும் சோறு இடவில்லை. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாராம். தண்ணீருக்கும் அடிபட்ட குலத்தில் பிறந்தவர் கொடுத்த அந்நீரைச் சிறிதென்று எண்ணற்க. எஞ்சியதற்கு அவரை எவரும் விரைவுபடுத்த வேண்டா.

அறம் வளர்க!