காரணம் போன பிறகு

கவிதைகளின் முதலடி அகரவரிசை ஒன்று தயாரிக்க வேண்டியிருந்தது. ஐம்பது வருஷங்களுக்கு முன் வந்து நின்றுபோன ஒரு பத்திரிகையின் இதழ்கள். இருநூறுக்குச் சற்று மேற்பட்ட கவிதைகள். அடித்துக் கொடுத்த இளைஞர், வரிசைப்படுத்தும் வேலையைக் கணினியே செய்துவிடும் என்றார். செய்தது. ‘கனவு’ என்று தொடங்கும் கவிதை ‘கப்பல்’ என்று தொடங்கும் கவிதைக்கு முன்னால் வந்து நின்றது. ‘பகல்’ முன்னாலும் ‘பக்கம்’ பின்னாலும் போயின. எந்தத் தமிழ் அகராதியிலும் இப்படி இராது. இளைஞரிடம் காட்டினேன். “செட்டிங்கை மாத்தினா சரியாயிடும் சார்” என்றார். பத்து நிமிஷத்தில் சரியும் செய்துவிட்டார். ஆகவே புகார் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் சும்மா விட்டால் ஏன் தவறாக வருகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சும்மா விட்டால் எது வருகிறதோ அதுவே சட்டம் என்று நினைக்கிறேன்.

தொழில்நுட்பம் அரசின் கொள்கையை நிர்ணயிக்கிறதா, கொள்கை தொழில்நுட்பத்தை நிர்ணயிக்கிறதா என்று கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று நிர்ணயிக்கின்றன என்று சொல்லி எழுந்துபோய்விடலாம். அது உண்மைதான், எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் பிரயோஜனமற்ற உண்மை. எழுதுகிறவர்களாகிய நமக்கு மிக அருகில், விரல் நுனியிலேயே ஒரு விஷயம் இருக்கிறது: தமிழ் எழுத்தின் உருவம். அங்கே இந்த உறவு எப்படி இருந்தது என்று பார்க்கும்போது, ஒன்றையொன்று நிர்ணயிப்பதைவிட ஒன்று மற்றொன்றைச் சாக்காகக் காட்டுவதே எனக்கு அதிகம் தெரிகிறது.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. ணா, றா, னா. இவற்றின் ஒகர ஓகார வரிசைகள். ணை, லை, ளை, னை: மொத்தம் 13 எழுத்துக்கள். அதுவரை தனி உருவம் கொண்டிருந்த இவை, மற்ற எழுத்துக்களைப் போலத் துணைக்காலும் ஐகாரக் குறியும் சேர்த்து எழுதப்பட வேண்டும் என்றாயிற்று. ஆணை கட்டியது அரசு அலுவலகங்களையும் பாடப் புத்தகங்களையும்தான். ஆனால் பாடப் புத்தகம் மாறினால் பத்து வருஷத்தில் வாசகன் மாறிவிடுகிறான். பத்திரிகைகள் பின்னால் வந்தன.

அந்த நாட்களில் எங்கள் பத்திரிகை ஒரு ட்ரெடில் அச்சகத்தில் கையால் கோக்கப்பட்டு வந்தது. கம்பாசிட்டர் கண்ணால் பார்ப்பதில்லை; கை தானாகப் பெட்டியின் அறைக்குப் போய் டைப்பை எடுத்து ஸ்டிக்கில் வைக்கும். ஆணைக்குப் பிறகும் அவர் கை பழைய ‘னை’ இருந்த அறைக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு உருவமும் வந்துவிடும். புரூஃபில் நான் எதைத் திருத்துவது? “ரெண்டுந்தான் ‘னை’ சார், படிக்கிறவனுக்குத் தெரியாதா?” என்பார். தெரியும்தான். அந்தக் கலப்பிதழ்கள் இன்று கைக்குக் கிடைக்கும்போது, எந்தக் கொள்கையும் முழுதாக ஆளாத ஓர் இடைவெளி அங்கே தெரிகிறது. அப்போது எனக்கு அது அச்சுப்பிழையாகத்தான் தெரிந்தது.

சீர்திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது இயந்திரம். அச்சுக்கு எளிது, தட்டெழுத்துக்கு எளிது. அத்துடன் குழந்தைகள் கற்க எளிது. தட்டெழுத்துப் பொறியில் நாற்பத்துச் சொச்சம் விசைகள்தான். ஒவ்வொன்றும் தாங்குவது 2 உருவம். 247 எழுத்தை அதில் ஏற்றியாக வேண்டும். நியாயமான நெருக்கடி. ஆனால் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ணொ, ணோ வரிசைகளில் வருவது கொம்பும் அதே பழைய ணாவும்தான். ஆக 13 எழுத்து மாறினாலும் பெட்டியிலிருந்து உண்மையில் போன உருவங்கள் 7. இயந்திரத்துக்குப் பெரிய சுமையாக இருந்ததோ உகர ஊகார வரிசை. 18 மெய்க்கு இரண்டிரண்டாக 36 எழுத்துக்கள், மெய்க்கு மெய் வெவ்வேறு விதமாக வளைபவை. இயந்திரம்தான் காரணமென்றால் கை வைத்திருக்க வேண்டிய இடம் அது. யாரும் வைக்கவில்லை.

ஏனென்றால் காரணம் இயந்திரம் அல்ல. 1935-ல் பெரியார் ‘குடி அரசு’ பத்திரிகையில் கையாளத் தொடங்கிய உருவங்கள் இவை. ஆணை வந்தது அவருடைய நூற்றாண்டை ஒட்டி. அவர் வழக்கிலிருந்த அய், அவ் என்பவற்றை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. ஐயும் ஔவும் போனால் உயிர் பன்னிரண்டு பத்தாகும், அதற்குத் துணிவில்லை. எடுத்துக்கொண்டதும் விட்டதும் அரசியல் கணக்கு. அரசியல் கணக்கு என்பதால் இழிவாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்து புனிதமானதல்ல, மனிதன் செய்த கருவி, வேண்டுமானால் மாற்றலாம் என்பது ஒரு சிந்தனை. அதுவும் பெரிய சிந்தனை. எனக்கு அதில் உடன்பாடே. அதை நேராகச் சொல்லி ஆணை போட்டிருந்தால் எதிர்ப்பவன் அந்தச் சிந்தனையை எதிர்த்திருப்பான். ஒரு விவாதம் நடந்திருக்கும். டைப் பெட்டியைக் காட்டியதும் விவாதம் முடிந்துபோயிற்று. டைப் பெட்டியோடு யார் வாதாடுவது?

பிறகு டைப் பெட்டியே போய்விட்டது. கணினியில் எந்த உருவத்தையும் வரையலாம். 7 என்ன, 700 வேண்டுமானாலும் ஏற்றலாம். சொல்லப்பட்ட காரணம் மறைந்த பிறகும் ஆணை மட்டும் நிற்கிறது. இப்போது பழைய உருவத்துக்குத் திரும்பச் சொல்வது கிறுக்குத்தனம், நான் சொல்லவில்லை. அதற்கான பழக்கம் என் கையிலேயே இல்லை. தும்பிக்கை போல் முன்னால் சுருண்ட அந்த ஐகாரத்தை இங்கே காட்டலாம் என்றால், இதை அடிக்கிற கணினியின் எழுத்துருவில் அது கிடையாது.

கருவி எழுத்தை மாற்றுவது புதிதல்ல. ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியை விட்டுவிட்டு எழுதியவர்கள் நம்முடையவர்கள். எகரமா ஏகாரமா என்பதை இடம் நோக்கி வாசித்துக்கொண்டார்கள். ஆனால் புள்ளி வைக்கக் கூடாது என்று எந்த அரசனும் சாசனம் வெட்டவில்லை. இலக்கணம் புள்ளியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஓலை அதை மீறிக்கொண்டே இருந்தது. அச்சு வந்தபோது புள்ளி திரும்ப இடம் இருந்தது. கருவியின் குறை விதியாகிவிடாததால் இது சாத்தியமாயிற்று.

கணினியில் நடந்தது வேறு. 1980-களில் மத்திய அரசின் மின்னணுவியல் துறை இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியீட்டு முறையை வகுத்தது. இஸ்கி என்பது அதன் பெயர். 1988-ல் ஒரு வடிவமும், 1991-ல் இந்தியத் தரமாக ஒரு வடிவமும் வந்தன. அன்றைய கணினியில் ஓர் எழுத்துக்கு இருந்த எண்கள் 256. பாதியை ஆங்கிலம் முன்பே எடுத்துக்கொண்டாயிற்று. மிச்சம் 128-ல் இந்திய மொழிகள் எல்லாம் உட்கார வேண்டும். வழி என்ன? பிராமியிலிருந்து பிறந்தவைதானே, எல்லாவற்றுக்கும் ஒரே நாற்காலி வரிசை. ‘க’ எந்த லிபியில் இருந்தாலும் ஒரே எண். புத்திசாலித்தனமான தீர்வு. எழுத்துருவை மாற்றினால் தேவநாகரி தமிழாகிவிடும். இதில் இயந்திரத்தின் பற்றாக்குறை எவ்வளவு, ஒரே தேசம் ஒரே வரிசை என்ற ஆசை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முடியாதபடி இருந்ததுதான் அதன் சௌகரியம்.

1991-ல் கலிஃபோர்னியாவில் கணினிக் கம்பெனிகள் கூடி யூனிகோட் ஸ்தாபனத்தைப் பதிவு செய்தன. அவர்களிடம் அப்போது 65,536 இடங்கள் இருந்தன, பற்றாக்குறை போயிற்று. இந்திய எழுத்துக்களுக்கு என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். இந்திய அரசின் தரம் ஒன்று இருந்தது. 1988-ம் வருஷத்து இஸ்கி வரிசையை அப்படியே எடுத்து, ஒவ்வொரு லிபிக்கும் 128 இடமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். விளைவு: தமிழுக்கான பகுதியில் ‘க’ இருக்கிறது, பிறகு 3 காலி நாற்காலிகள், பிறகு ‘ங’. நம்மிடம் இல்லாத மூன்று ககரங்களுக்காக அந்த இடங்கள் இன்றும் காலியாக இருக்கின்றன. ‘ந’வை அடுத்து ‘ன’. அதனால்தான் கனவு கப்பலுக்கு முன்னால் வந்தது. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். அதனால் பக்கம் பின்னால் போயிற்று. தமிழ் இலக்கணத்தில் ‘க்’ முதல், அதில் அகரம் ஏறினால் ‘க’. அங்கே ‘க’ முதல், அதிலிருந்து அகரத்தைக் கழித்தால் ‘க்’. ஆகவே மெய்யெழுத்துக்கு இரண்டு எண் வேண்டும். புள்ளியின் பெயர் விராமம். ஆய்தத்தின் பெயர் விசர்க்கம். ‘ழ’வுக்குப் பெயர் மூன்று எல்லும் ஓர் ஏயும். உச்சரித்துப் பார்த்தேன், திக்குவாய்க்காரனின் தாலாட்டு மாதிரி இருந்தது.

1978-ல் அரசு இயந்திரத்தைக் காட்டியது. இப்போது இயந்திரம் அரசைக் காட்டுகிறது: உங்கள் அரசு தந்த வரிசைதானே. அரசைக் கேட்டால் அது சர்வதேசத் தரம் என்று பதில் வருகிறது. முடிவு எடுத்தவன் எங்கேயும் இல்லை.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. முதல் யூனிகோடில் கொரிய அசைகளுக்கும் குறைவான இடமே தரப்பட்டது. கொரியர்களின் தரம் வகுக்கும் அமைப்பு விடாப்பிடியாக நின்றது. 1996-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது 11,172 அசைகளும் அவர்களுடைய அகரவரிசையிலேயே புதிய இடத்தில் உட்கார்ந்தன. பழைய இடத்திலிருந்தவை பெயர்க்கப்பட்டன. அதோடு கதவு சாத்தப்பட்டது: ஒருமுறை இடம் தரப்பட்ட குறி இனி நகராது, நீங்காது, அதன் பெயரும் மாறாது. பழைய கோப்புகள் எல்லாம் குழம்பிவிடும் என்பது காரணம், சரியான காரணம். 11,172-க்கு இடம் இருந்த வீட்டில் 247-க்கு இடமில்லை என்று எவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை.

சென்னையில் 1999 பிப்ரவரியில் தமிழிணைய மாநாடு கூடியது. அதன் பிறகு மாநில அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற இரு குறியீடுகளையும் ஏற்றது. 8 பிட் காலம் முடிந்துகொண்டிருந்தபோது வந்த 8 பிட் முடிவு அது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடையும் கூடவே ‘டேஸ்16’ என்ற குறியீட்டையும் ஏற்று ஆணை வந்தது. இந்த இரண்டாவதில் எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி எண், தமிழ் வரிசையிலேயே. ஆனால் அதை வைக்க யூனிகோடில் கிடைத்த இடம், யாரும் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்ட பகுதி. அதற்குப் பெயர் தனிப்பயன்பாட்டுப் பகுதி. ஓர் அரசின் ஆணைக்கு இதைவிடத் துல்லியமான முகவரி கிடைத்திருக்காது.

டேஸ்16 வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று வாதிடுகிறவர்களோடு என்னால் போக முடியவில்லை. இரண்டு எண்ணா ஒரு எண்ணா என்பது இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டல்ல. வரிசையையும் செட்டிங்கில் சரிசெய்யலாம் என்று கண்ணால் பார்த்துவிட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. அரசாணையில் ஒரு கையெழுத்து இருக்கிறது. அதை எதிர்த்து எழுதலாம், கூட்டம் போடலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம். 36 உகர ஊகார எழுத்துக்களையும் மாற்ற வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி வற்புறுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது, ஆணை வரவில்லை. எதிர்த்தது சரியா தவறா என்பது இருக்கட்டும், எதிர்ப்புக்கு ஒரு விலாசம் இருந்தது. குறியீட்டு அட்டவணைக்கு அது இல்லை. தன் முன்னாள் முடிவுகளை மாற்றுவதில்லை என்பதையே அது தன் நேர்மையாக வைத்திருக்கிறது.

அந்தப் பழைய பத்திரிகைக்குத் திரும்புகிறேன். அகரவரிசை முடிந்ததும் கவிதைகளையும் அப்படியே கணினியில் ஏற்றிவிடலாம் என்றார் இளைஞர். அப்படியே என்றால்? 1979-ம் வருஷத்து இதழ் ஒன்றில் ஒரே கவிதையில் ‘னை’ இரண்டு உருவத்தில் வருகிறது, கம்பாசிட்டரின் கை. குறியீட்டில் இரண்டுக்கும் ஒரே எண்தான். வேறுபாடு எழுத்துருவின் அலங்காரம், எழுத்தின் விஷயமல்ல என்பது யூனிகோடின் நிலை. அதாவது 1978-ம் ஆண்டு ஆணைக்கு முன்னும் பின்னும் என்று ஒன்று கணினியின் பிரக்ஞையில் கிடையவே கிடையாது. ஆணை வந்ததும் தெரியாது, அதற்கு முன் ஏதோ இருந்ததும் தெரியாது. “ரெண்டுந்தான் ‘னை’ சார்” என்று அவர் சொன்னதையேதான் அதுவும் சொல்கிறது. ஆனால் அவர் இரண்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

அடித்த பிரதியோடு ஒவ்வொரு பக்கத்தின் புகைப்படத்தையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இடம் அதிகம் பிடிக்கும் என்கிறார் இளைஞர். பிடிக்கட்டும்.