"சரியாயிடும்" என்று யார் சொல்வது?

பெண்களுக்கு நம்பிக்கை சொல்ல இங்கே ஆட்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அடிவாங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும் மகளிடம், "போகப் போகச் சரியாயிடும், அனுசரிச்சுப் போம்மா" என்கிறோம். கணவனின் குடியைப் பற்றிச் சொன்னால், "ஒரு புள்ள பொறந்துட்டா திருந்திடுவான்." பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசும்போது, "போற எடத்துல படிக்க வைப்பாங்க." பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மட்டுமல்ல, நம் எல்லா ஊர்களிலும் இந்த வாக்கியங்கள் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்திருக்கின்றன. மூன்றும் நம்பிக்கை தரும் பேச்சுதான். மூன்றும் பெண்ணைக் காத்திருக்கச் சொல்கின்றன. அவள் காத்திருக்கும்வரை வேறு யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

அதனால்தான், "சமூகம் முன்னேறிக்கொண்டிருக்கிறது, நம்பிக்கையோடு இருங்கள்" என்று மகளிர் தின மேடையில் ஒருவர் பேசும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் அது முற்றி, "எதுவும் மாறப்போறதில்லை" என்று முடிந்துவிட்டால், அங்கேயும் அதே கதைதான். எதுவும் மாறாது என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அடிக்கிறவனுக்கும் அது வசதி, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் வசதி.

காத்திருக்கச் சொல்லாத நம்பிக்கை ஒன்று உண்டா? உண்டென்றால் அதை எப்படி அடையாளம் காண்பது? இந்த இரண்டு மாவட்டங்களில் நடந்தவற்றை வைத்தே இதை யோசித்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 1000 ஆண்களுக்கு அரியலூர் மாவட்டத்தில் 1015 பெண்கள், பெரம்பலூரில் 1003 பெண்கள். மேடையில் பெருமையாகச் சொல்லத்தக்க எண்கள். ஆனால் அதே கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1000 ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகள்தான், பெரம்பலூரில் 913. பெரியவர்களின் எண் உயரப் பல காரணங்கள் இருக்கலாம். பெண்கள் சராசரியாக ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். ஆண்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். குழந்தைகளின் எண்ணுக்கு அப்படியெல்லாம் சமாதானம் சொல்ல முடியாது. பிறக்க வேண்டியவர்கள் பிறக்கவில்லை, அல்லது பிறந்தும் வளரவில்லை.

இந்தப் பின்னடைவு பழைய காலத்து மிச்சம் அல்ல என்பதுதான் வலிக்கிறது. 2001க்கும் 2011க்கும் இடையில்தான் இரண்டு மாவட்டங்களிலும் இந்த எண் சரிந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடை செய்த சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. படிப்பு கூடியது, சாலை வந்தது, கையில் கொஞ்சம் காசு வந்தது. கூடவே ஸ்கேன் இயந்திரமும் எட்டும் தூரத்துக்கு வந்தது. "ரெண்டு புள்ள போதும், அதுல ஒண்ணாவது ஆணா இருக்கணும்" என்ற கணக்கும் வரதட்சணைப் பயமும் அப்படியே இருந்தன. காலம் போகப் போகத் தானாகச் சரியாகிவிடும் என்பவர்களுக்கு அரியலூரின் 897 ஒரு பதில். காலம் தானாக எதையும் சரிசெய்வதில்லை.

ஆனால் அதே பத்தாண்டுகளில் சேலத்திலும் தர்மபுரியிலும் நடந்ததையும் பார்க்க வேண்டும். பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுக்கப் பெயர் கெட்டுப்போன மாவட்டங்கள் அவை. 2001இல் இரண்டிலும் குழந்தைப் பாலின விகிதம் 900க்கு வெகு கீழே இருந்தது. 2011இல் இரண்டும் 900ஐத் தாண்டின. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்துக்கு அரசு அந்தப் பெருமையைக் கொடுக்கும். பெண் குழந்தையைப் பெற்றவர்களின் பயத்தைப் போக்காமல் குழந்தையை மட்டும் வாங்கிக்கொள்ளும் திட்டம் அது என்று பெண்ணியவாதிகள் அப்போதே கேள்வி எழுப்பினார்கள். அந்த விவாதம் இருக்கட்டும். தொட்டிலைத் தாண்டியும் அங்கே வேலை நடந்தது. கருவுற்ற பெண்களின் வீட்டுக்கு மறுபடி மறுபடி போன கிராம சுகாதாரச் செவிலியர்கள், ஊர் ஊராகப் போன வீதி நாடகக் குழுக்கள், பிறந்த குழந்தை எங்கே என்று கேட்கத் துணிந்த மகளிர் குழுக்கள், ஸ்கேன் மையங்களைக் கண்காணிக்கச் சொல்லி வழக்காடிய அமைப்புகள் என்று பலர் அதில் இருந்தார்கள். 2011இல் தொட்டில் திட்டம் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நீட்டிக்கப்பட்டது. திட்டத்தை ஒரு அரசாணையில் நீட்டிவிடலாம். வீடு வீடாகப் போன அந்த உழைப்பை அப்படி நீட்ட முடியாது, ஒவ்வொரு ஊரிலும் யாராவது அதை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கிருந்து நமக்கு முதல் கேள்வி கிடைக்கிறது. யாராவது நம்பிக்கையான செய்தி சொன்னால், "இதை யார் செய்தார்கள்?" என்று கேட்க வேண்டும். பதில் இருந்தால் அது பயன்படும் நம்பிக்கை. அவர்கள் செய்ததை நாமும் செய்து பார்க்கலாம். "காலம் மாறிடுச்சு" என்பது மட்டுமே பதிலானால், அது மறுபடியும் காத்திருக்கச் சொல்லும் பேச்சு.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. அதற்குக் குழுமூருக்குப் போக வேண்டும்.

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் இருக்கும் ஊர் அது. சுமைதூக்கும் தொழிலாளியின் மகளான அனிதா, 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தார். தலித் குடும்பம், தாயை இழந்த பெண். மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின்படி என்றானது. உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் தன்னையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டு டெல்லிக்குப் போய் நியாயம் கேட்டார். வழக்கு தோற்றது. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தவை பல. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காடு பரிந்துரைத்தது, கிடைத்தது 7.5. முந்தைய ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். இடங்கள் மட்டும் 300க்கு மேல் ஒதுக்கப்பட்டன. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்குள்ள அரங்கத்துக்கு இன்று அனிதாவின் பெயர்.

இதைச் சொல்லும்போது பலரும் ஒரு வாக்கியத்தில் போய் நிற்கிறார்கள்: "அனிதாவின் சாவு வீண்போகவில்லை." ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலை ஏற்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் சாவை எதற்கோ கொடுத்த விலையாக மாற்றிவிடுகிறது அந்த வாக்கியம். அதைக் கேட்கும் இன்னொரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு, உயிரோடு பேசினால் கேட்காதவர்கள் செத்தால் கேட்பார்கள் என்று கற்றுக்கொடுத்துவிடுகிறது. உண்மையும் அது இல்லை. சாவு சட்டம் இயற்றாது. தெருவில் இறங்கிய மாணவர்கள், வழக்கறிஞர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள், குழு அமைத்து அறிக்கை எழுதியவர்கள், சட்டமன்றத்தில் பேசியவர்கள் என்று உயிரோடிருந்தவர்கள் மூன்று ஆண்டுகள் உழைத்ததால் வந்த சட்டம் அது. அனிதாவின் பங்கும் அதில் உண்டு. அவர் உயிரோடிருந்தபோது செய்ததுதான் அந்தப் பங்கு. ஒரு சிற்றூர் மாணவி நாட்டின் மிகப்பெரிய நீதிமன்றத்தில் தன் பெயரைப் பதிந்தாரே, அதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய அனிதா. அவர் இருந்திருந்தால் இந்நேரம் மருத்துவராகியிருக்கலாம். அந்த இழப்பை எந்த விழுக்காடும் ஈடுசெய்யாது, ஈடுசெய்ததாக நாமும் கணக்கெழுதக் கூடாது.

இதைப் படிக்கும் மாணவிகளில் யாருக்காவது இருட்டாகத் தோன்றும் நாள் வந்தால், ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். யாருமில்லை என்றால் 104ஐ அழைக்கலாம். நாளைய போராட்டத்துக்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.

ஆக, இரண்டாவது கேள்வி: "இந்த முன்னேற்றத்துக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள்?" அதை மறைத்துப் பேசும் நம்பிக்கை இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். மூன்றாவது கேள்வியும் இதோடு சேர்ந்தே வருகிறது: "யாருக்கு இன்னும் வந்து சேரவில்லை?" 7.5 விழுக்காடு அரசுப் பள்ளிக்கானது. கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த கூலிக்குடும்பம் அதற்கு வெளியே நிற்கிறது. நீட் தேர்வும் அப்படியே இருக்கிறது. விலக்குக் கேட்டுச் சட்டமன்றம் 2021இலும் 2022இலும் மசோதா நிறைவேற்றியது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

மூன்று கேள்விகளையும் நம் அன்றாட வாழ்க்கைக்கு அருகில் இருக்கும் ஒன்றில் போட்டுப் பார்ப்போம். 1989இல் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதியுதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. படிக்கவைப்பதற்காகக் கல்யாணத்தை ஆசைகாட்டிய திட்டம். பிறகு 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் அதற்கு. தேவதாசி முறைக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசியவரின் பெயரில் தாலிக்குப் பணம் என்ற முரணை நினைத்துச் சிரிக்கலாம், கோபப்படலாம். 2022இல் அதே பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அதுதான் புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1000 ரூபாய். அவளுக்குக் கல்யாணம் ஆகுமா, எப்போது ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

யார் செய்தார்கள்? அறிவித்தது அரசு. ஆனால் பெண்ணின் படிப்பு கல்யாணத்துக்கான தகுதி அல்ல, அவளுடைய வாழ்க்கை என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பெண்கள் இயக்கத்தினரும் ஆசிரியைகளும், "என் பொண்ணு படிக்கட்டும்" என்று மாமியாரிடம் வாய்கொடுத்த அம்மாக்களும். விலை என்ன? அந்த முப்பது ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன அக்காக்கள், அத்தைகள். அவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். யாருக்கு வரவில்லை? பள்ளியைத் தாண்டும் முன்பே கல்யாணம் செய்துவைக்கப்படும் பெண்ணுக்கு வரவில்லை. 1000 ரூபாய் கைக்கு வந்தும் பேருந்து நிறுத்தத்தில் தன்னோடு படிக்கும் பையனிடம் பேசியதற்காகப் படிப்பு நிறுத்தப்படும் பெண்ணுக்கு வரவில்லை. சாதி கடந்து காதலித்தால் உயிருக்கே உத்தரவாதமில்லாத பெண்ணுக்கு வரவில்லை.

மூன்றாவது பதிலைக் கேட்டதும் சிலர் சோர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது வேலைப் பட்டியலாகத் தெரிகிறது. இராமாமிர்தம் அம்மையாருக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் இருந்தது அப்படியொரு பட்டியல்தான். சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி தேவதாசி ஒழிப்புக்குக் குரல் கொடுத்தது 1920களின் இறுதியில். முழுமையான தடைச் சட்டம் வந்தது 1947இல். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் வெற்றி உறுதி என்று தெரிந்துகொண்டு வேலை செய்யவில்லை. செய்தால் நடக்கக்கூடும், செய்யாவிட்டால் நிச்சயம் நடக்காது என்ற அளவு தெரிந்திருந்தது. நமக்குத் தேவையான நம்பிக்கையும் அந்த அளவுதான். அதற்கு மேல் யாராவது உறுதி கொடுத்தால் அவர் நம்மிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான தேதியாக 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டிருக்கிறது. 897, 913 என்ற எண்களுக்குப் பக்கத்தில் அப்போது புதிய எண்கள் எழுதப்படும். 2020க்குப் பிறகு இந்த மாவட்டங்களில் பிறந்த குழந்தைகள் அவர்கள். அந்த எண் உயருமா என்று கேட்டால் நேர்மையாகச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நம் தெருவில் ஒரு பெண் மூன்றாம் மாதம் "செக்கப்" என்று வெளியூர் போய்த் திரும்பி வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கிடந்தபோது, அவளிடம் போய் உட்கார்ந்தது யார், பார்த்தும் பாராமல் போனது யார் என்று கேட்டால், நம் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கும்.