கொட்டாங்கச்சிக்குள் ஐந்து

பாயில் புளியங்கொட்டைகள். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் மூன்று. மொத்தம் எத்தனை என்றால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டையும் ஒன்றாய்க் குவித்து, ஒன்றிலிருந்து எண்ணி எட்டு என்கிறாள். “எத்தனைம்மா?” என்று மறுபடி கேட்டால் திரும்பவும் ஒன்றிலிருந்து. கடைசியாகச் சொன்ன எண் குவியல் முழுவதற்கும் உரியது என்பது இன்னும் பிடிபடவில்லை. உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் வெளியிட்ட நூலில், எண்ணுதலின் அடிப்படைகளில் ஒன்றாக இதைச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு இது ஒரு படியாகவே தோன்றாது.

*

அதே பிள்ளை பல்லாங்குழியில் நாலு சேர்ந்ததும் “பசு!” என்று அள்ளிக்கொள்கிறாள். எண்ணவே இல்லை. மூன்று, நான்கு வரை கண்ணே சொல்லிவிடுகிறது.

*

ஐந்தின் மேல் கொட்டாங்கச்சியைக் கவிழ்க்கிறேன். உள்ளே ஐந்து, வெளியே மூன்று. ஒருத்தி தூக்கிப் பார்க்கிறாள், பார்க்கட்டும். ஒருவன் ஓட்டின் முதுகில் ஐந்து முறை தட்டி எண்ணிவிட்டு வெளியே உள்ளவற்றுக்கு வருகிறான். இன்னொருவன் முதல் கொட்டையைத் தொட்டு “ஐந்து” என்று தொடங்கி ஏழில் முடிக்கிறான். அவனை நான் திருத்துவதில்லை. ஓட்டைத் திறந்து அவனே எண்ணிப் பார்க்கட்டும். பிறகு ஒரு நாள் யாரோ ஒரு குழந்தை ஓட்டின் மேல் உள்ளங்கையை வைத்து “ஐந்து” என்று நிறுத்தி, வெளியே உள்ளவற்றைத் தொட்டு “ஆறு, ஏழு, எட்டு” என்கிறது. காணாத ஐந்தை நம்பத் தொடங்கிவிட்டது. கூட்டல் இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். கரும்பலகையின் 5 + 3 இதற்குப் பிறகு வந்தால் போதும்.

*

விரல் விட்டு எண்ணாதே என்று அதட்டுவது எனக்குச் சம்மதமில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு, ஒரு கையிலேயே பன்னிரண்டு எண்ணுகிறார்கள். அவர்களை யாரும் கணக்குத் தெரியாதவர்கள் என்பதில்லை.

*

இரண்டும் ஏழும். ஓடு இரண்டின் மேல் இருக்கிறது. ஒருத்தி அதை எடுத்து ஏழின் மேல் கவிழ்த்து, “எட்டு, ஒன்பது” என்கிறாள். பெரியதிலிருந்து தொடங்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை. குரோன், பார்க்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1972-இல் முதல் வகுப்புப் பிள்ளைகளின் விடைநேரத்தை அளந்தபோது, அது சிறிய எண்ணைப் பொறுத்தே கூடுவதைக் கண்டார்கள். எங்கள் பாயிலும் அதுவே நடக்கிறது.

பக்கத்தில் இருப்பவன் இன்னும் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்தே எண்ணுகிறான். அவனுக்கு இப்போது ஓடு வேண்டாம்.