மோசேயின் நாவு

ஞாயிறு ஆராதனையில் சபையோடு சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எனக்குத் திக்குவதே இல்லை. வெளியே வந்ததும் யாராவது பெயர் கேட்டால் முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொள்ளும். கேட்டவரின் கண் என் வாயிலிருந்து நழுவித் தரைக்குப் போவதைப் பார்த்துவிட்டால் தொண்டையும் சேர்ந்து இறுகும்.

திக்குவாயைப் பயம் உண்டாக்குவதில்லை. பிறவிக்கூறும் மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதமும்தான் வேர். பயம் அதை முறுக்கிவிடுகிறது. 1939இல் அமெரிக்காவின் அயோவாவில், நன்றாகப் பேசிய அநாதைக் குழந்தைகள் சிலரிடம் ‘உனக்குத் திக்குகிறது’ என்று சொல்லிச் சோதித்தார்கள். அந்தப் பிள்ளைகள் வாய் திறக்கவே கூசினார்கள். அந்தச் சோதனையை நடத்திய பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல்தான். நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

தனியாக வாய்விட்டு ஜெபிக்கும்போதும் எனக்குத் திக்காது. இது என்னை வெகுநாள் உலுக்கியது. எதிரே ஒருவர் கேட்கிறார் என்று நான் நம்பவே இல்லையோ?

யாத்திராகமம் 4ஆம் அதிகாரத்தில் மோசே தன் நாவைச் சொல்லித் தயங்குகிறார். கடவுள் அந்த நாவைக் குணமாக்கவில்லை. அவரை அனுப்பும் முடிவையும் மாற்றவில்லை. ஆரோனைத் துணைக்குத் தருகிறார். கடவுளுக்கு வந்த கோபம்கூட மோசே மறுத்ததற்காகத்தான், திக்கியதற்காக அல்ல. இப்படிக் கேட்பவர் முன்னால் என் நாக்கு இறுக்கம் விட்டுத் திக்காமல் பேசுவது அவிசுவாசம் என்று இனி நான் எண்ணமாட்டேன்.

வரும் மாதம் சபையில் வேதபாடம் வாசிக்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். நடுவில் நின்றுபோனால் சொல்லை எடுத்துக்கொடுக்க வேண்டாம் என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன்.